கப்பலின் சூட் பகுதியில் முதல் முறை தங்கப் போகிறவர்களுக்கு: எங்கள் அனுபவங்கள்

சுமதி, துபாய்

கப்பலில் சூட் பகுதி (தனி வசதிகளோடு பிரித்து வைத்திருக்கும் உயர்வகை அறைகள்) எடுத்துப் போகிறோம், என்னென்ன தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். என் கணவர், மாமியார், நான் மூன்று பேரும் எம்.எஸ்.சி. நிறுவனத்தின் வேர்ல்டு யூரோப்பா கப்பலில், யாட் கிளப் என்ற சூட் பகுதியை எடுத்துப் போய் வந்தோம். பார்சிலோனாவில் ஏறி மார்செய், ஜெனோவா, நேப்பிள்ஸ், மெசினா, மால்டாவின் வாலெட்டா என்று சுற்றி, ஒரு நாள் முழுக்கக் கடலில் கழித்து, மறுபடி பார்சிலோனா. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சிங்கப்பூர், அமெரிக்கா பக்கம் போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் சேருங்கள்.

அது 6,000 பேருக்கு மேல் ஏறும் கப்பல். அதன் முன்பக்க மேல் தளங்களைத் தனியாகப் பிரித்து யாட் கிளப் என்று வைத்திருக்கிறார்கள். உள்ளே தனி உணவகம், தனி லவுஞ்ச், தனி நீச்சல் குளம். அந்தப் பகுதி சாவி இல்லாதவர்களுக்குக் கதவு திறக்காது. எம்.எஸ்.சி. இதை 2008இல் ஃபேன்டேசியா கப்பலில் ஆரம்பித்தது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் கொடுக்கும் கூடுதல் பணம் அறைக்கு இல்லை. சாதாரண பால்கனி அறையைவிட எங்கள் அறை கொஞ்சம்தான் பெரியது. பணம் போவது வரிசையில் நிற்காமல் இருப்பதற்கும், நம்மைக் கவனிக்க ஆள் இருப்பதற்கும். அந்த ஆட்களிடம் பேசாமல், தினமும் காலையில் இறங்கி இரவுதான் திரும்புவோம் என்றால் பால்கனி அறையே போதும். எங்கள் வீட்டில் முட்டி வலியோடு 72 வயது அத்தை இருந்ததால் கொடுத்த பணம் எங்களுக்குச் சரியாகவே பட்டது.

துறைமுகத்தில் பெரிய கூட்டம் நிற்கும் வரிசையில் போய்ச் சேராதீர்கள். வாசலிலேயே யாட் கிளப் பலகை எங்கே என்று கேளுங்கள். பெட்டிகளை வாங்கிக்கொண்டு, தனி இடத்தில் உட்காரவைத்து, சோதனை முடிந்ததும் பட்லர் (நம் தேவைகளைக் கவனிக்கும் பணியாளர்) ஒருவர் அறை வரை கூட்டிப் போவார். எங்களை அழைத்துப்போனவர் அத்தையின் நடையைப் பார்த்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தன் நடையை அவர் வேகத்துக்குக் குறைத்துக்கொண்டார். லிஃப்டை அழைத்து, கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அத்தை உள்ளே வந்து கைப்பிடியைப் பிடிக்கும் வரை காத்திருந்தார். அப்போதே அத்தைக்குக் கப்பல் பயம் பாதி போய்விட்டது.

ஏறிய அன்றே கான்சியர்ஜிடம் (முன்பதிவு, ஏற்பாடுகளைச் செய்து தருபவர்) போய்விடுங்கள். தனிக் கட்டணம் உள்ள உணவகங்கள், நாடக அரங்கு, கடைசி நாள் இறங்கும் நேரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பேசி முடித்துவிடலாம். ஸ்பாவில் இருக்கும் நீராவி, சானா பகுதி யாட் கிளப்காரர்களுக்குக் கட்டணத்திலேயே அடக்கம். அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியதரைக் கடல் பயணங்களில் ஒவ்வொரு துறைமுகத்திலும் புது ஆட்கள் ஏறுவார்கள். அதனால் மதியம் கான்சியர்ஜ் மேசையில் கூட்டம் இருக்கும். இரவு சாப்பிட்டுவிட்டுப் போனால் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார்கள்.

பட்லர் என்றதும் நமக்கு ஒரு கூச்சம் வரும். இவரிடம் போய் இதையெல்லாம் கேட்பதா என்று தோன்றும். தயவுசெய்து கேளுங்கள், அவர் வேலையே அதுதான். அத்தைக்குக் காலை 6 மணிக்கு வெந்நீர் வேண்டும். அதற்காகக் கெட்டில் கொண்டுபோகக் கூடாது. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, குக்கர் எல்லாம் தீ ஆபத்து என்று ஸ்கேனரிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். முதல் நாள் பட்லரிடம் சொன்னோம். மறுநாளிலிருந்து சொன்ன நேரத்துக்கு ஒரு ஃபிளாஸ்க், தேன் ஒரு கிண்ணம், எலுமிச்சை இரண்டு துண்டு என்று தட்டில் வந்தது. தேனும் எலுமிச்சையும் நாங்கள் கேட்டதில்லை.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சைவம் என்பதை முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். அது மட்டும் போதாது. முதல் இரவு யாட் கிளப் உணவகத்தின் தலைமைப் பரிமாறுபவரிடம் நேரில் இன்னொரு தரம் சொல்லுங்கள். அத்தை வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார். அதைச் சொன்னதும் தலைமைப் பரிமாறுபவர் உடனே, 'உருளைக்கிழங்கு, கேரட் சாப்பிடுவாரா?' என்று கேட்டார். கிழங்கு வகைகளும் சேர்க்காத ஜைன உணவா என்று தெரிந்துகொள்ளத்தான். அப்புறம் மீன் சாஸ், கோழிச் சாறு கலந்த சூப் எதெல்லாம் என்று மெனுவில் தானே பென்சிலால் அடித்தார். மறுநாளிலிருந்து அடுத்த நாள் மெனுவை முந்தின இரவே மேசைக்குக் கொண்டுவந்தார், நாங்கள் குறித்துக் கொடுத்தோம். மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து கோவாக்காரர் ஒருவர் வெளியே வந்து, என்ன வேண்டும் என்று அத்தையிடமே கேட்டார். அன்று இரவு கடுகு தாளித்த பருப்பு, சோறு, தேங்காய்த் துருவல் போட்ட முட்டைக்கோஸ் வந்தது. அத்தை இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். முன்கூட்டிச் சொன்னால் இதெல்லாம் நடக்கும். அந்த நிமிடம் மேசையில் உட்கார்ந்து கேட்டால் பாஸ்தாதான் கிடைக்கும்.

யாட் கிளப் கப்பலின் முகப்பில், உயரத்தில் இருப்பதால் ஆட்டம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். பார்சிலோனாவுக்கும் மார்செய்க்கும் நடுவில் லயன் வளைகுடாவில் மிஸ்ட்ரால் என்ற பலத்த வடக்கத்திக் காற்று அடித்தால் நன்றாகவே தெரியும். வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரையைப் படுக்கும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

அதே முகப்புதான் வாலெட்டாவில் நமக்குக் கிடைக்கும் வரம். கப்பல் கிராண்ட் ஹார்பருக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் தேன் நிறச் சுண்ணாம்புக்கல் கோட்டைச் சுவர்கள் நெருங்கி வரும். மற்றவர்கள் மேல் தளத்தில் இடம் பிடிக்க முந்திக்கொண்டிருக்க, நாங்கள் எங்கள் தளத்தில் காபியோடு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தோம். கப்பல் எத்தனை மணிக்கு நுழையும் என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். இறங்கியதும் நடந்து போகிற தூரத்தில் அப்பர் பராக்கா தோட்டத்துக்குப் போகும் லிஃப்ட் இருக்கிறது. 58 மீட்டர் உயரத்தை அதில் ஏறிவிடலாம், வயதானவர்கள் படியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேலே தோட்டத்தின் கீழ்ப்பக்கப் பீரங்கி மேடையில் மதியம் 12 மணிக்குக் குண்டு முழங்கும்.

ஒரு துறைமுகத்திலாவது இறங்காமல் கப்பலிலேயே இருங்கள். என்னைக் கேட்டால் மார்செய். கப்பல் நிற்கும் இடம் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது, பஸ் பிடித்துத்தான் போக வேண்டும். அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு நீச்சல் குளமும் நீராவி அறையும் கிட்டத்தட்ட நமக்கே.

எல்லோரும் நன்றாக உடுத்தி வரும் கோலாகல இரவுக்குப் பட்டுப் புடவை தாராளமாகக் கட்டலாம். டிப்ஸைப் பொறுத்தவரை, தினசரி சேவைக் கட்டணம் உங்கள் டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு மேல் பட்லருக்கும் பரிமாறியவருக்கும் கையில் கொடுப்பது அவரவர் விருப்பம். நாங்கள் உறையில் போட்டுக் கொடுத்தோம். பயணம் முடிந்து கருத்துப் படிவம் வரும். அதில் அவர்கள் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது உதவுகிறது என்று எங்கள் பட்லரே சொன்னார்.

கார்த்திக், சிங்கப்பூர்

சுமதி அக்கா, வெந்நீர் விஷயத்தை எழுதியதற்கு நன்றி. என் அப்பாவுக்கும் அதே கதைதான்.

நாங்கள் போனது ஜென்டிங் டிரீம் கப்பலில் இருக்கும் பேலஸ் என்ற சூட் பகுதி. இங்கே மரினா பே குரூஸ் சென்டரிலிருந்து கிளம்பும், பினாங்கு, போர்ட் கிளாங், ஃபூக்கெட் பக்கம் போகும். இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள் நிறைய. அதனால் சுமதி அக்கா சொன்ன எல்லாவற்றையும் இன்னும் சுருக்கமாகச் செய்ய வேண்டும். கடைசி நேரத்தில் போய் ஏறாதீர்கள். பேலஸுக்குத் தனி செக்-இன் இருக்கிறது, சீக்கிரம் ஏறினால் மதியச் சாப்பாடும் குளமும் அன்றே கிடைத்துவிடும். சாயங்காலம் ஏறினால் இரண்டு இரவுப் பயணத்தில் பாதி போனது போலத்தான்.

சாப்பாட்டுக் கவலை இந்தக் கப்பலில் குறைவு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அதிகம் என்பதால் சைவம், ஜைன உணவு, ஹலால் எல்லாம் உண்டு. அப்பா பேலஸ் உணவகத்தில் ஒரு வேளை, வெளியே பொது உணவகத்தில் ஒரு வேளை என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டார். சூட்டில் இருப்பதால் எல்லாவற்றையும் உள்ளேயே செய்ய வேண்டும் என்று இல்லை. வெளியே கூட்டமும் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைப்பவர்களுக்கு ஒன்று: கப்பல் மலேசியாவுக்குப் போய்த் திரும்பினால் அது சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழைவதாகக் கணக்கு. விசா பல முறை நுழையும் வகையா என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ராஜலட்சுமி, நியூ ஜெர்சி

விசாவைக் கார்த்திக் தம்பி தொட்டதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கள் வழியில் கனடாவின் விக்டோரியாவில் நிற்கும். அமெரிக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்குப் பிரச்சினை இல்லை. எச்1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருப்பவர்கள் கனடா விசா எடுத்தாக வேண்டும். ஹேவன் (நார்வீஜியன் நிறுவனக் கப்பல்களின் தனிப்பகுதி) சூட் எடுத்தாலும் இதில் யாரும் உதவ முடியாது, துறைமுக வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நாங்கள் போனது நார்வீஜியன் பிளிஸ் கப்பலில். அதில் ஹேவனுக்கென்றே முன்பக்கம் பார்த்த பெரிய கண்ணாடி லவுஞ்ச் இருக்கிறது. பனியாற்றை நெருங்கும் காலையில் குளிர் எலும்பைத் தொடும். பத்து நிமிடம் வெளியே நின்று பனிக்கட்டி உடையும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, உள்ளே வந்து சூடாக ஏதாவது குடித்துவிட்டு, மறுபடி வெளியே போவோம். பைனாகுலர் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள்.

ஹேவன் உணவகத்தின் மெனு தினமும் ஏறக்குறைய ஒன்றுதான், சைவர்களுக்கு மூன்றாம் நாளே அலுத்துவிடும். மேலே பஃபே உணவகத்தில் இந்தியக் கறி வகைகள் இருக்கும். அங்கிருந்து எடுத்துவரச் சொன்னால் பட்லர் அறைக்கே கொண்டுவந்து வைப்பார்.

இன்னொன்று மிக முக்கியம். பெயரில் சூட் என்று இருக்கும் எல்லா அறைக்கும் தனிப்பகுதிக்குள் அனுமதி இல்லை. நார்வீஜியனில் கிளப் பால்கனி சூட் எடுத்தால் ஹேவனுக்குள் போக முடியாது. ராயல் கரீபியன் நிறுவனக் கப்பல்களில் ஜூனியர் சூட்காரர்களுக்கு சூட் லவுஞ்ச் கிடையாது. என் நாத்தனாருக்கு ஒரு பயண முகவர் கிளப் பால்கனி சூட்டைக் கொடுத்து, பட்லர் வருவார் என்று சொல்லியிருந்தார். நாத்தனார் கப்பல் ஏறிய பிறகுதான் உண்மை தெரிந்தது. பணம் கட்டும் முன்னால், எந்த உணவகம், எந்த லவுஞ்ச், எந்தக் குளம் என்று தனித்தனியாகக் கேட்டு மின்னஞ்சலில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

செந்தில், கோயம்புத்தூர்

சுமதி மேடம், 5 வயசுப் பையனோடு யாட் கிளப் போகலாமா? பட்ஜெட்டும் கொஞ்சம் இடிக்கிறது.

சுமதி, துபாய்

தாராளமாகப் போகலாம், குழந்தைகளுக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் அந்தக் குளம் அமைதியான இடம், குதித்து விளையாட விட முடியாது. நீர்ச்சறுக்கு, சிறுவர் கிளப் எல்லாம் வெளியே பொதுப் பகுதியில்தான். பையன் பகல் முழுக்க அங்கேதான் இருப்பான், உங்களில் ஒருவரும் கூடவே இருக்க வேண்டி வரும். அதைக் கணக்கில் வைத்து முடிவு செய்யுங்கள்.

பட்ஜெட்டுக்கு ஒரு வழி உண்டு. பல கப்பல்களில் யாட் கிளப்பிலேயே ஜன்னல் இல்லாத உள் அறை இருக்கிறது. பட்லர், உணவகம், லவுஞ்ச், குளம் எல்லாம் அதே மாதிரிதான். விலை பால்கனி சூட்டைவிடக் குறைவு. நானாக இருந்தால் பெரியவர்கள் மட்டும் போகும்போது அதை எடுப்பேன். பையன் மதியம் தூங்கும்போது நீங்கள் வெளியே உட்கார பால்கனி வேண்டும் என்பதால் உங்களுக்கு அது சரிவராது. அந்தப் பணத்துக்குப் பொதுப் பகுதியில் நல்ல பால்கனி அறை எடுத்து, மிச்சத்தில் ஒரு நாள் ஸ்பா போய்வாருங்கள்.