82 ஆட்டத்திலும் முழு மூச்சோடு ஆடுகிறார்களா? என்எச்எல் வீரர்களின் உழைப்பு, வாழ்க்கை, லாக்கர் ரூம்

வலைகாப்பான் கேட்டது:

வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லை ரொம்ப வருஷமாகப் பார்க்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். ஓய்வு பெற்ற வீரர்கள் பாட்காஸ்ட்களில் உட்கார்ந்தால் ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடுகிறார்கள். ஒரு சீசனின் 82 ஆட்டத்திலும் உயிரைக் கொடுத்து ஆட முடியாது, ஜனவரி, பிப்ரவரியில் சில ராத்திரி கால் எழும்பவே எழும்பாது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதே ஆட்கள், இன்னொரு வீரரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் உழைக்க மாட்டான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இந்த ரெண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது? ஒருவர் சோம்பேறியா, அளந்து ஆடுகிறாரா என்று சக வீரர்கள் எதை வைத்துச் சொல்கிறார்கள்? குடியும் கூத்துமாக இருந்த பழைய வாழ்க்கை நிஜமாகவே போய்விட்டதா? வீரர்கள் உடை மாற்றுகிற லாக்கர் ரூமில் நடப்பது ஏன் வெளியே வருவதில்லை? விவரமாகச் சொன்னால் நல்லது.

நீலக்கோடு:

முதலில் ஷிஃப்ட், அதாவது ஒருவர் பெஞ்சிலிருந்து ஐஸில் இறங்கித் திரும்புகிற வரை, எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

ஒரு ஷிஃப்ட் 40 முதல் 50 விநாடி. முழு வேகத்தில் கிளம்பி, நின்று, மோதி, மறுபடி கிளம்ப உடம்பு இடம் கொடுப்பது அவ்வளவுதான். முதல் லைன் (சேர்ந்து இறங்குகிற மூன்று பேர்) ஃபார்வர்ட், அதாவது முன்கள வீரர், ஒரு ஆட்டத்தில் 20 நிமிஷம் ஆடினால், பெஞ்சிலிருந்து சுமார் 25 தடவை குதித்திருப்பார். 45 விநாடியில் இறங்கினால் அடுத்த முறைக்குள் மூச்சு திரும்பிவிடும். 70, 80 விநாடி இழுத்தால் தொடையில் ஏறிய கனம் அடுத்த ஷிஃப்ட்டிலும் இறங்காது. போதாக்குறைக்கு, அடுத்து இறங்க வேண்டியவரின் நேரத்தையும் தின்றாகிவிட்டது. கோல் ஆசையில் ஷிஃப்ட்டை நீட்டுகிறவர் டிவியில் பசியோடு ஆடுகிற மாதிரி தெரிவார். பெஞ்சில் காத்திருக்கிற லைனுக்கு அவர் சுயநலக்காரர்.

ஆட்டத்தின் மூன்று பீரியடில் இரண்டாவதில் இது அப்பட்டமாகத் தெரியும். அணிகள் பக்கம் மாறுவதால் பெஞ்ச் சொந்த கோலிலிருந்து தூரமாகப் போய்விடுகிறது. களைத்த ஐந்து பேர் தங்கள் மண்டலத்தில் மாட்டிக்கொண்டால் ஆள் மாற்ற வழியே இல்லை. பக்கை (ரப்பர் வட்டு) சொந்தப் பாதியிலிருந்து மறுகோடிக்கு அடித்துத் தப்பலாம் என்றால் அது ஐசிங் என்ற விதிமீறல். 2005-06 சீசனிலிருந்து ஐசிங் செய்த அணி ஆளை மாற்றக்கூடாது. நாக்குத் தள்ளி நிற்கிற அதே ஐவர்தான் ஃபேஸ்ஆஃபுக்கும், அதாவது பக்கைப் போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கும்போதும், நிற்கணும். அப்போது கோல் விழுந்தால் ரீப்ளேயில் டிஃபென்ஸ்மேன், அதாவது தடுப்பு வீரர்தான் குற்றவாளியாகத் தெரிவார். தப்பு நடந்தது அதற்கு அரை நிமிஷம் முன்னால். நடுக்கோட்டைத் தாண்டி பக்கை ஆழமாகத் தள்ளிவிட்டு இறங்கியிருக்க வேண்டிய ஃபார்வர்ட், இன்னொருத்தரை ஏய்த்துப் பார்க்கலாம் என்று எதிரணி மண்டலம் தொடங்குகிற நீலக்கோட்டில் அதைப் பறிகொடுத்திருப்பார். மறுநாள் வீடியோ கூட்டத்தில் நிறுத்திக் காட்டப்படுவது அந்த இடம்தான்.

அடுத்தது பேக்செக், பக்கை இழந்ததும் சொந்த கோல் பக்கம் விரைந்து திரும்பித் தடுப்பது. பக் பறிபோனதும் எடுக்கிற முதல் மூன்று ஸ்ட்ரைட்தான் (கால் உந்தல்) கணக்கு. அதை முழு பலத்தோடு எடுத்தவர் மீதி தூரம் சறுக்கிக்கொண்டே வந்தாலும் ஆளோடு ஒட்டியிருப்பார். முதல் ரெண்டு விநாடி கையை விரித்து ரெஃப்ரியைப் பார்த்தவர் அப்புறம் எவ்வளவு விரட்டினாலும் பலனில்லை. எங்கே போகிறார் என்பதும் முக்கியம். பக் வைத்திருப்பவரை டிஃபென்ஸ்மேன் பார்த்துக்கொள்வார். திரும்பி வருகிற ஃபார்வர்டின் வேலை, நடுவில் தாமதமாக வருகிற எதிராளியைக் கண்டுபிடித்து அவர் ஸ்டிக்கைத் தூக்கிவிடுவது. பக்கின் பின்னாலேயே ஓடுகிறவர் வேர்க்க வேர்க்க ஓடியும் யாரையும் தடுத்திருக்க மாட்டார்.

இன்னொன்று, நின்று திரும்புவதும் வளைந்து திரும்புவதும். பிளேடைக் குறுக்கே போட்டு ஐஸ் தூள் பறக்க நின்று, எதிர்த்திசையில் கிளம்பினால் தொடை எரியும். அரைவட்டம் அடித்துத் திரும்பினால் வேகம் மிச்சம், ஆனால் அதற்குள் எதிராளி பத்துப் பதினைந்து அடி விலகிவிடுவார். ஒரு வீரர் வளைய ஆரம்பித்துவிட்டார் என்றால் அவர் கால் தீர்ந்துவிட்டது, இல்லை மனசு ஆட்டத்தில் இல்லை. எது என்பது பக்கத்தில் ஆடுகிறவருக்குத் தெரியும்.

கால் வராத ராத்திரிகள் எல்லோருக்கும் வரும். முந்தின நாள் இன்னொரு ஊரில் ஆடிவிட்டு, நள்ளிரவுக்கு மேல் விமானம் இறங்கி, விடிகாலை படுத்த ஆளிடம் வேகத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஷிஃப்ட்டைக் குறுக்கு, பக்கை ஆழத்தில் போடு, போர்டு (ஐஸைச் சுற்றிய சுவர்) ஓரம் வருகிற பக்கை எப்படியாவது வெளியே தள்ளு, இவ்வளவுதான் எதிர்பார்ப்பு. இந்த மூன்றுக்கும் வேகமான கால் தேவையில்லை. அதையும் செய்யாதவரைத்தான் ரூம் மன்னிக்காது.

பழையசீசன்:

வாழ்க்கை முறை பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் டிரெய்னிங் கேம்ப்புக்கு வருவதே உடம்பைத் தேற்றத்தான். கோடையில் வேறு வேலை, பியர், கோல்ஃப். 1977-78-ல் 60 கோல் அடித்த கை லஃப்ளூர் புகைபிடித்தது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு ஆட்டத்தின் வேகமும் ஷிஃப்ட்டின் நீளமும் அதற்கு இடம் கொடுத்தன.

அந்தக் காலம் ஒரே நாளில் முடியவில்லை. ஆனால் ஒரு பெயரைச் சொல்லணும் என்றால் கேரி ராபர்ட்ஸ். கழுத்துக் காயத்தால் 1996-ல், 30 வயதில் ஓய்வு அறிவித்தவர். சாப்பாடு, பளு, தூக்கம் எல்லாவற்றையும் மாற்றி 1997-ல் கரோலினா அணிக்குத் திரும்பி வந்து 2009 வரை ஆடினார். பிறகு ஸ்டீவன் ஸ்டாம்கோஸ், கானர் மெக்டேவிட் போன்றவர்களுக்குக் கோடைப் பயிற்சி கொடுத்தார். கிறிஸ் செலியோஸ் சானாவுக்குள் சைக்கிளைப் போட்டு மிதித்து, 48 வயதில் கடைசி என்எச்எல் ஆட்டம் ஆடினார். யாரோமிர் யாகர் கனமான வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு ராத்திரியில் தனியாகச் சறுக்குவார்; என்எச்எல்லில் 45 வயது வரை இருந்தார். கூட இருந்த இளைஞர்களுக்கு இவர்களைப் பார்த்த பிறகு சாக்கு சொல்ல வாய் வரவில்லை.

இன்றைக்கு ஆட்ட நாள் என்றால் காலையில் இருபது முப்பது நிமிஷ மார்னிங் ஸ்கேட் என்ற லேசான பயிற்சி, மதியம் பாஸ்தாவோ சாதமோ கோழியோ, அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம், சாயந்திரம் அரங்கம். ஆட்டம் முடிந்ததும் நேரே குளிக்கப் போவதில்லை. பத்து நிமிஷம் சைக்கிள் மிதித்துக் காலை இறக்கிவிட்டுத்தான் போவார்கள். அந்த மார்னிங் ஸ்கேட்கூட வீண் என்று நினைக்கிற பயிற்சியாளர்கள் உண்டு. 2016-17-ல் கொலம்பஸ் அணிப் பயிற்சியாளர் ஜான் டார்டரெல்லா அதை நிறுத்திவிட்டு ஆட்களைத் தூங்க விட்டார்.

குடி குறைந்தது உண்மை. உடம்பு பற்றிய அக்கறையைவிடப் பணத்துக்கும் கையில் இருக்கிற போன் கேமராவுக்கும் அதில் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. இடத்தைப் பிடித்தவை வேறு: உதட்டுக்கடியில் வைக்கிற நிகோடின் பை, பெஞ்சில் முகர்கிற அமோனியா உப்பு, ராத்திரி ஆட்டத்துக்குப் பிறகு வராத தூக்கத்துக்கு மாத்திரை. கடைசியாகச் சொன்னதுதான் பயமானது. கோல்காப்பாளர் ராபின் லேனர் 2018-ல் தன் குடி, மாத்திரை, மனநோய் பற்றி வெளிப்படையாக எழுதினார். அடுத்த வருஷமே விடாமுயற்சிக்கான மாஸ்டர்டன் விருது வாங்கினார். லீகும் வீரர் சங்கமும் சேர்ந்து 1996-லிருந்து ரகசியமான உதவித் திட்டம் நடத்துகின்றன. 2021 அக்டோபரில் கோல்காப்பாளர் கேரி பிரைஸ் தானாகவே அதில் சேர்ந்தார். இப்படிப் போவது பலவீனம் என்ற பேச்சு இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

நான்காம்லைன்:

நீலக்கோடு சொன்ன நுணுக்கமெல்லாம் சரி. ஆனால் "உழைக்க மாட்டான்" என்ற வார்த்தையை நான் அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டேன். அது பாதி நேரம் உடல்வாகையும் முகபாவத்தையும் பார்த்துக் குத்துகிற முத்திரை.

ஃபில் கெஸ்ஸலை எடுத்துக்கொள்ளுங்கள். உடற்பயிற்சி பிடிக்காதவர், சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாதவர் என்று அவர் ஆடிய டொரன்டோவில் எழுதாத பத்தி இல்லை. அந்த ஆள் தொடர்ச்சியாக 1,064 ஆட்டம் ஆடினார், லீக் சாதனை. மூன்று ஸ்டான்லி கோப்பை: 2016, 2017, 2023. ஒரு ஆட்டம்கூட விடாமல் பதின்மூன்று வருஷம் ஆடக் கிடைப்பதை உழைப்புக் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்தக் கணக்கே தப்பு.

வாஷிங்டனின் அலெக்ஸ் ஒவெச்கினும் அப்படித்தான். 2013-14-ல் 51 கோல் அடித்தும் பிளஸ்-மைனஸ் (அவர் ஐஸில் இருக்கும்போது அணி போட்ட கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம்) மைனஸ் 35. திரும்பி வர மாட்டேன் என்கிறார் என்று கிழித்தார்கள். பக் இல்லாதபோது அவர் நின்றது நிஜம். அதே ஆள் வருஷக்கணக்கில் எதிராளிகளைத் தோளால் மோதியே உடம்பைத் தேய்த்தவர். 2018-ல் கேப்டனாகக் கோப்பை தூக்கினார், 2025 ஏப்ரல் 6-ல் 895-வது கோலால் அதுவரை கோல் சாதனை வைத்திருந்த வெய்ன் கிரெட்ஸ்கியைத் தாண்டினார்.

மறுபக்கம், நான்காவது லைன் ஆட்களை உழைப்பாளி என்று புகழ்வதிலும் ஒரு விஷயம் விடுபடுகிறது. அவர்களுக்கு ஒரு ராத்திரிக்கு 8, 10 நிமிஷம்தான். எட்டு நிமிஷமும் முழு வேகத்தில் ஆட முடியும். 2025-26-ல் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் 7,75,000 டாலர். வேவர்ஸில், அதாவது மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று, போட்டு 24 மணி நேரத்தில் யாரும் எடுக்காவிட்டால் கீழ் லீகுக்குப் பஸ் ஏறணும், அங்கே சம்பளம் பல மடங்கு குறையலாம். அந்தப் பயம் தினமும் கூட இருக்கிறது. 24 நிமிஷம் ஆடுகிற டிஃபென்ஸ்மேன் அப்படி ஆடினால் மூன்றாவது பீரியடில் விழுந்துவிடுவார். அவர் அளந்து சறுக்குவது திறமை.

வலைகாப்பான்:

மூவருக்கும் நன்றி. லீகின் புள்ளிவிவரத் தளமான என்எச்எல் எட்ஜில் வேகம், தூரம் எல்லாம் எண்ணாகவே கிடைக்கிறதே, அதை வைத்து இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாதா? லாக்கர் ரூம் கேள்விக்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

நீலக்கோடு:

முடியாது. 2023 அக்டோபரில் அந்த எண்கள் பொதுவில் வந்தன. மணிக்கு 20 மைலைத் தாண்டி எத்தனை தடவை பாய்ந்தார், மொத்தம் எத்தனை மைல் சறுக்கினார் என்பது தெரியும். ஆனால் சரியான இடத்தில் முன்கூட்டியே நிற்கிறவர் பாய வேண்டிய தேவையே வராது. தடுப்பாட்டத்தில் சிறந்த ஃபார்வர்டுக்கான செல்கி விருதை ஆறு தடவை வாங்கிய பாட்ரிஸ் பெர்ஜரான் வேகத்தால் பெயர் எடுத்தவர் இல்லை. தப்பான இடத்தில் நின்றுவிட்டுத் துரத்துகிறவருக்கு எட்ஜில் அழகான எண் விழும்.

நான்காம்லைன் சொன்ன கெஸ்ஸல் உதாரணத்தை ஏற்கிறேன். ஆடக் கிடைப்பதை நான் குறிப்பிட்டிருக்க வேண்டும்.

கண்ணாடிச்சுவர்:

லாக்கர் ரூம் கேள்விக்கு வருகிறேன். மேலே பேசியதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. உழைப்பைக் கண்காணிப்பது பயிற்சியாளர் என்று வெளியே நினைக்கிறோம். நிஜத்தில் அது ரூமின் வேலை. கூட்டத்துக்குத் தாமதம், பஸ்ஸுக்குத் தாமதம் என்றால் அபராதம், அந்தப் பணம் சீசன் கடைசி விருந்துக்கு. தன் பழைய அணிக்கு எதிராக ஆடுகிறவர் ஜெயித்துக் கொடுங்கள் என்று ஒரு தொகையைப் போர்டில் எழுதுவது வழக்கம். கம்பளத்தில் இருக்கிற அணிச் சின்னத்தை மிதிக்கக்கூடாது. பயிற்சி முடிந்தால் பக்குகளைப் பொறுக்குவது புதியவர்கள். சோம்பலைப் பற்றிய பேச்சு மூத்தவர் ஒருவர் பக்கத்து ஸ்டாலில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொல்கிற ரெண்டு வாக்கியம். அதற்குமேல் வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் அது வேலை செய்கிறது.

அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு டொரன்டோவே சாட்சி. 2016-17 சீசனில் பயிற்சியாளர் மைக் பாப்காக், அப்போது புதியவரான மிட்ச் மார்னரிடம் சக வீரர்களை உழைப்பு வாரியாக வரிசைப்படுத்தி எழுதச் சொன்னார். அந்தப் பட்டியலில் இருந்தது மூத்த வீரர்கள் காதுக்குப் போனது. 2019 நவம்பரில் பாப்காக் நீக்கப்பட்ட பிறகுதான் செய்தி வெளியே வந்தது. ஒரு 19 வயதுப் பையனை அதே ரூமில் மறுநாள் எப்படி உட்கார வைப்பது? உழைப்பைப் பற்றிப் பேச உரிமை இருக்கிறவர்கள் யார் என்ற எழுதாத விதியை ஒரு தாளில் அழித்துவிட்டார்.

புதியவர்களை நடத்துவதில் நல்ல உதாரணம் பாஸ்டன். 2006 முதல் 2020 வரை கேப்டனாக இருந்த ஸ்டெனோ சாரா "ரூக்கி" என்ற சொல்லையே ரூமில் விரும்பவில்லை. பதினெட்டு வயதுக்காரரும் முப்பத்தைந்து வயதுக்காரரும் ஒரே அணி, ஒரே மரியாதை என்பது அவர் நிலை. தலைமையில் இருக்கிறவர் தீர்மானித்தால் இந்த மரபுகள் ஒரு சீசனில் மாறும்.

வெளியே பேசாத பழக்கத்தின் விலையையும் சொல்லியாக வேண்டும். 2010-ல் சிகாகோ அணியின் வீடியோ பயிற்சியாளர் தன்னைப் பாலியல் ரீதியாகத் தாக்கியதாக கைல் பீச் சொன்னது பதினோரு வருஷம் கழித்து, 2021 அக்டோபரில்தான் முழுசாக வெளியே வந்தது. கோப்பை ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்ததால் நிர்வாகம் மூன்று வாரம் எதுவும் செய்யவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. அணிக்கு 20 லட்சம் டாலர் அபராதம். 2019-ல் அகிம் அலியு தன்னை ஒரு பயிற்சியாளர் இனவெறிச் சொல்லால் திட்டியதை வெளியிட்டபோதும், சம்பவம் நடந்து பத்து வருஷம் ஆகியிருந்தது. ஷிஃப்ட் நீளத்தைப் பற்றிய பேச்சு ரூமுக்குள் இருக்கட்டும். ஒரு ஆளுக்குத் தீங்கு நடந்தால் அதே கதவை மூடி வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. வீரர்களே இதைப் பிரித்துப் பேச ஆரம்பித்திருப்பது சமீபத்தில்தான்.

வலைகாப்பான்:

நன்றி. இன்று ராத்திரி ஆட்டத்தில் ஒருவரை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கப் போகிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

நீலக்கோடு:

இரண்டாவது பீரியடில் ஒரு விங்கரை (ஓரத்தில் ஆடுகிற ஃபார்வர்ட்) எடுங்கள். மூன்று ஷிஃப்ட், பக்கைப் பார்க்காதீர்கள். பெஞ்சிலிருந்து இறங்கிய நேரத்தையும் ஏறிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பக் பறிபோன ஒவ்வொரு தடவையும் நின்று திரும்பினாரா, வளைந்தாரா என்று எழுதுங்கள். டிவி கேமரா பக்கின் பின்னால் போய்விடும், பெஞ்ச் பக்கம் தெரியாது. முழு அரங்கத்தையும் காட்டுகிற கோணம் கிடைத்தால் அதைப் போடுங்கள்.