‘உருமாறிய படிமேடை’ வேண்டாம். ‘மட்டம் குலைந்த படுகை’ என்போம்

வணக்கம் நண்பர்களே,

ஆறு உயரத்தில் விட்டுப்போன பழைய தரை, பிறகு நிலம் அசைந்ததால் மேடு பள்ளமாகிவிட்டால் ஆங்கிலத்தில் ‘deformed fluvial terrace’ என்பார்கள். அதற்குத் தமிழில் ‘உருமாறிய ஆற்றுப் படிமேடை’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ‘உருமாறிய’ என்றதுமே அவர்கள் உருமாறிய பாறையைத்தான் நினைப்பார்கள். நம் மலைநாடு முழுக்க அந்தப் பாறைதானே! இங்கே வெப்பமும் அழுத்தமும் பட்டுப் பாறையின் தன்மை மாறவில்லை. நிலத்தின் மட்டம்தான் கெட்டிருக்கிறது.

‘வளைந்த படிமேடை’யும் சரிவராது. ஆற்றோடு வளைவைச் சேர்த்துச் சொன்னால், கண்டியைச் சுற்றிக்கொண்டு போகும் மகாவலிதான் கண்முன் வரும். அது வரைபடத்தில் மேலிருந்து தெரிகிற வளைவு. நாம் பேசுவது பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற ஏற்ற இறக்கம்.

அப்புறம் ‘படிமேடை’. வலப்பனைப் பக்கத்து வயல்களையும் தேயிலை மலைக் கல்லுக்கட்டுகளையும் தினம் பார்க்கிற பிள்ளைக்கு, படி என்றால் மனிதன் வெட்டியது. இதுவோ ஆறு தானே விட்டுப்போன தரை. ஒரு காலத்தில் வெள்ளம் பரவி மணலும் கூழாங்கல்லும் போட்ட இடம். ஆறு அறுத்துக்கொண்டு கீழே இறங்கியதும் அது மேலே தங்கிவிட்டது. ஆற்றோர நிலத்துக்குப் ‘படுகை’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? உயரத்தில் நிற்பதால் ‘மேட்டுப்படுகை’.

இனி ‘மட்டம்’. கொழுந்து எடுக்கிறவர்கள் செடிமேல் மட்டக்கம்பை வைத்து, எது மேலே நிற்கிறது என்று பார்ப்பார்கள். இப்படிப்பட்ட படுகையை ஆராய்கிறவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். இன்றைய ஆற்றின் சரிவுதான் மட்டக்கம்பு. பழைய படுகையும் ஏறக்குறைய அதே சரிவில்தான் உருவாகியிருக்கும். ஆகவே ஓரிடத்தில் மட்டும் அது கூடுதலாக உயர்ந்து நின்றால், நிலம் அங்கே தூக்கப்பட்டிருக்கிறது.

தூக்கியது எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அடியில் பாறையில் சாய்ந்து கிடக்கும் பிளவின் (fault) மேல் நிலத்துண்டு ஏறி நகர்கிறது. நகர்ந்த தூரத்தைச் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்கினால் உயர்வு கிடைக்கும். 30 பாகைச் சாய்வில் 10 மீட்டர் நகர்ந்தால் 5 மீட்டர் உயரும். பிளவு கிடையாக இருக்கும் இடத்தில் எவ்வளவு நகர்ந்தாலும் உயராது. எனவே படுகை எங்கே எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்தால், கண்ணுக்குத் தெரியாத பிளவு எங்கே செங்குத்தாகிறது, எங்கே படுக்கிறது என்று வரைந்துவிடலாம். பிளவு அகப்பைபோல் குழிந்திருந்தால் மேலுள்ள நிலம் சுழன்று படுகை பின்பக்கம் சாயும். பழைய படுகை புதியதைவிடக் கூடுதலாகச் சாய்ந்திருக்கும். நேபாளத்தில் சிவாலிக் குன்றுகளை வெட்டிக்கொண்டு வரும் பாக்மதி ஆற்றின் படுகைகளை இப்படி அளந்துதான், இமயத்தின் முன்விளிம்புப் பிளவு ஆண்டுக்குச் சுமார் 21 மில்லிமீட்டர் நகர்கிறது என்று 2000இல் லாவே, அவுவாக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணக்கிட்டார்கள். கீழே ஒரு துளைகூடப் போடாமல் மேலே கிடக்கும் கூழாங்கல் தரையை வைத்தே இவ்வளவும் தெரியவருவது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

‘பிளவு’ பற்றியும் ஒன்று. மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014இல் மண்சரிந்த பிறகு, தரையில் விழும் வெடிப்பைக் கண்டாலே தோட்டத்துச் சனம் பயப்படுகிறது. அந்த வெடிப்பும் இந்தப் பிளவும் ஒன்றென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பாடக்குறிப்பில் முதல் தடவையாவது ‘பிளவுப்பெயர்ச்சி’ என்று முழுதாக எழுதுவோம். இரு பக்கமும் ஒன்றையொன்று உரசிப் பெயர்ந்தது என்பது அதில் வந்துவிடும்.

சரி, ‘மட்டம் குலைந்த மேட்டுப்படுகை’ நீளம்தான். முதலில் முழுதாகச் சொல்லிவிட்டுப் பிறகு ‘மட்டம் குலைந்த படுகை’ என்று சுருக்கலாம். அளவைச் சொல்ல ‘மட்டக்குலைவு’ உதவும்: ‘இந்த இடத்தில் மட்டக்குலைவு 12 மீட்டர்’ என்று எழுதிப் பாருங்கள், உறுத்தவில்லை. ‘படுகை’ என்றால் ஆற்றின் அடித்தளம் மட்டும்தான் என்று உங்கள் ஊரில் பொருள் கொள்வார்களா? அப்படியானால் எழுதுங்கள், வேறு சொல் தேடுவோம்.