பழைய கம்ப்யூட்டர் கேம்களை இப்போது எடுத்து ஆடியவர்களே, எந்த இடத்தில் மாட்டினீர்கள்?

கறுப்புத்திரை:
எலைட், விண்வெளியில் கப்பல் ஓட்டி வியாபாரம் செய்யும் ஆட்டம். பிபிசி மைக்ரோ என்ற பழைய கம்ப்யூட்டருக்கு 1984-இல் வந்த பதிப்பை, அந்த மெஷினைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருளில் ஆடினேன். வியாபாரம், கொள்ளையர் துரத்தல் எல்லாம் உங்களுக்கே தெரியும். என்னை இன்னும் உறுத்துவது விண்வெளி நிலையத்துக்குள் நுழையும் கடைசி சில நொடிகள்தான். கோளைப் பார்த்திருக்கும் பக்கத்தில் ஒரு ஒல்லியான செவ்வகம், அதுதான் வாசல். நிலையமோ சுழன்றுகொண்டே இருக்கிறது. கப்பலை இடம் வலமாகத் திருப்ப கீயே கிடையாது. உருட்டலாம், மூக்கைத் தூக்கலாம், தாழ்த்தலாம், அவ்வளவுதான். ஆகவே நாமும் அதோடு சேர்ந்து உருண்டபடியே போக வேண்டும். செவ்வகம் அப்படியே படுக்கையாக நின்றது, ஆஹா என்று வேகத்தைக் கூட்டினேன், ஓரம் உரசியது, கப்பல் சிதறிவிட்டது. சரக்கு, காசு எல்லாம் போச்சு. நிலையத்துக்குள் இருந்தால்தான் சேவ் செய்ய முடியும், சேவ் செய்ய வேண்டுமென்றால் இந்த வாசலைத் தாண்டியாக வேண்டும். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

திட்டவும் மனசு வரவில்லை. 32 கேபி மெமரியில் 8 கேலக்ஸி, ஒவ்வொன்றிலும் 256 கோள்கள். எழுதியது டேவிட் பிரேபன், இயன் பெல் என்று இரண்டே பேர். கோள்களின் பட்டியல் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. சில விதை எண்களை வைத்துக்கொண்டு பெயர், ஆட்சி, பொருளாதாரம் எல்லாவற்றையும் அவ்வப்போது கணக்குப் போட்டு வரவழைக்கிறது.

சுழல்கதவு:
எனக்கும் அதே வாசல், அதே மரணம். ஆனால் வழி இருக்கிறது. நிலையத்தைக் கண்டதும் நேராகப் போகாதீர்கள். முதலில் கோளுக்கும் நிலையத்துக்கும் நடுவில் போய் நில்லுங்கள், வாசல் தானாக எதிரே வரும். அங்கிருந்து மூக்கைத் திருப்பி, வாசலின் நடுப்புள்ளியைக் குறுக்குக்கோட்டில் வையுங்கள். வைத்த பிறகு மேலும் கீழும் தொடவே தொடாதீர்கள், உருட்டல் மட்டும். வேகத்தை முதலிலேயே குறைத்துவிடுங்கள். அப்புறம், இது எதுவும் வேண்டாம் என்றால் கப்பலைத் தானாகவே உள்ளே கொண்டுபோகும் டாக்கிங் கம்ப்யூட்டர் வாங்குங்கள், ஆட்டத்தின் காசில் 1500 கிரெடிட். ஆரம்பத்தில் கையில் 100தான் இருக்கும், உண்மை. விவசாயக் கோளில் உணவு வாங்கித் தொழில் கோளில் விற்றுவிட்டு, திரும்பும்போது கம்ப்யூட்டர்களை ஏற்றி வாருங்கள். லேசரில் காசைக் கொட்டாதீர்கள், முதலில் சரக்கு அறையைப் பெரிதாக்குங்கள். எரிபொருளை எப்போதும்

(நீண்டுவிட்டது, மீதியை அப்புறம் எழுதுகிறேன்.)

வரைபடக்காரர்:
கறுப்புத்திரை, எமுலேட்டரில் சேவ் ஸ்டேட் என்று ஒன்று இருக்கிறதே, ஆட்டத்தை எந்த நொடியிலும் அப்படியே பதிந்துவைத்துத் திரும்பி வர? வாசலுக்கு முன்னால் ஒன்று போட்டிருந்தால் வேலை முடிந்தது.

என் கதை விசார்ட்ரி, ஒரு குழுவோடு பாதாள அறைகளில் இறங்கும் 1981 ஆட்டம். 2024-இல் முழுமையாக வெளிவந்த மறுஆக்கத்தில் ஆடினேன். பழையபடி ஆடுவோமே என்று கிராஃப் பேப்பரை எடுத்து உட்கார்ந்தேன். கட்டம் கட்டமாக வரைந்துகொண்டே கிழக்கே போனால் தாள் தீர்ந்துவிட்டது. இன்னொரு தாளை ஒட்டினேன். அதிலும் ஒரு நீளமான பாதை, ஒரு கதவு, ஒரு திருப்பம். கொஞ்ச நேரம் கழித்துத்தான் முதல் தாளின் மேற்கு ஓரம் கண்ணில் பட்டது. அதே பாதை, அதே கதவு. ஒவ்வொரு தளமும் 20க்கு 20 கட்டம்தான், கிழக்கு ஓரத்தைத் தாண்டினால் மேற்கு ஓரத்தில் வந்து விழுவோம். ஒரு சத்தம் இல்லை, ஒரு வரி அறிவிப்பு இல்லை. என் தாளில் மட்டும் உலகம் இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அந்தத் தாளை இன்னும் தூக்கிப் போடவில்லை.

எட்டுபிட்:
அதற்குத்தானே டுமாபிக் மந்திரம் இருக்கிறது? மந்திரவாதிக்கு முதல் லெவலிலேயே உண்டு, எங்கே நிற்கிறோம் என்று எண்ணோடு சொல்லிவிடும்.

சேவ் ஸ்டேட் ஆலோசனையை நான் ஏற்கவே மாட்டேன். விசார்ட்ரியில் அதைப் போட்டுக்கொண்டே ஆடினால் அந்த ஆட்டத்தை ஆடியதாகவே அர்த்தமில்லை. என் பார்ட்டி, அதாவது நான் கூட்டிப்போன ஆறு பேர் குழு, முழுவதும் நான்காம் தளத்தில் செத்துப்போனது. ஆட்டம் அதை உடனே டிஸ்க்கில் எழுதிவிட்டது. ஆனால் உடல்கள் அங்கேயே கிடக்கும்! புதிதாக ஆறு பேரைச் சேர்த்து, தேற்றி, கீழே அனுப்பித் தேடினேன். இருட்டுப் பாதையில் பழைய பெயர்கள் திரையில் வந்தபோது எனக்கு நிஜமாகவே கை நடுங்கியது. இருக்கும் இடமோ பார்ட்டியில் ஆறுதான், ஆறும் நிரம்பி இருந்தது. யாரை விட்டுவிட்டு யாரைத் தூக்கிக்கொண்டு போவது? எஃப்5 கீயை அழுத்திப் பழைய சேவ் ஸ்டேட்டுக்குப் போகிறவருக்கு இந்தக் கேள்வியே வராது.

வரைபடக்காரர்:
வேலை முடித்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுகிறவனுக்கு இந்த வீரம் எல்லாம் எதற்கு? நீங்கள் ஆடுங்கள், நான் எஃப்5 அழுத்துகிறேன்.

நத்தைவேகம்:
சண்டையை விடுங்கள். என் ஆட்டம் அல்டிமா IV, 1985-இல் வந்த சாகசக் கதை ஆட்டம். கடைசியில் அடித்து வீழ்த்த ஒரு வில்லனே கிடையாது, எட்டு நற்குணங்களில் தேற வேண்டும். மந்திரப் பொருள் விற்பவர் கண் தெரியாதவர். விலையைச் சொல்லிவிட்டு, எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்பார். எண்ணை நாம் டைப் அடிக்க வேண்டும். ஒரே ஒரு காசு கொடுத்தேன். கொடுக்க முடிகிறதே, யார்தான் விடுவார்? வியாபாரம் முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவையும் அப்படியே, அதற்கடுத்த தடவையும். பிறகு கோட்டையில் ஹாக்விண்ட் என்ற முனிவரிடம் நேர்மையைப் பற்றிக் கேட்டால், ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்திருந்திருக்கிறது ஆட்டம்! இப்போதைய கேம் என்றால் அந்த இடத்திலேயே திரை ஓரத்தில் 'நேர்மை குறைந்தது' என்று சிவப்பில் காட்டியிருக்கும். இது இத்தனை மணி நேரம் வாயே திறக்கவில்லை.

சுழல்கதவு:
அதைச் சரிசெய்வது சுலபம். அதே கடைக்குப் போய் ஒவ்வொரு முறையும் முழு விலையைக் கொடுத்து வாங்குங்கள், நேர்மை மெல்ல ஏறும். ஊருக்குள் இருக்கும் பெட்டிகளைத் திறக்காதீர்கள். சண்டையில் ஓடாதீர்கள். பிச்சைக்காரர்களைக் கண்டால்

நத்தைவேகம்:
சார், நான் வழி கேட்கவே இல்லையே.