உண்மையைச் சொல்லித் திருத்திய ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது?

கேள்வி: கிராமத்து ஆயர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

நெல்லைப் பக்கம் ஒரு கிராமச் சேகரத்தில் (சில ஊர்ச் சபைகள் சேர்ந்தது) ஆயராக இருக்கிறேன். ஊழியத்துக்கு வந்து 19 வருஷம். வருகிற மே மாதம் எனக்கு இடமாற்றம். போகுமுன் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆயர், வயது 84. பாளையங்கோட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. நான் உபதேசியாராக, அதாவது ஆயருக்கு உதவியாகச் சபையில் பிரசங்கிக்கிறவராக, சேர்ந்தபோது அவர்தான் எங்கள் சேகரத்து ஆயர்.

சேர்ந்த வருஷமே எங்கள் சபையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் குளத்தில் மூழ்கி இறந்துபோனான். அடக்க ஆராதனையில் ஐயா என்னைப் பேசச் சொன்னார். "ஆண்டவர் தம்முடைய தோட்டத்துக்கு அழகான பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார்" என்று பேசினேன். எத்தனையோ அடக்கங்களில் நான் கேட்டிருந்த வார்த்தைதான் அது. நிறையப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நன்றாகப் பேசிவிட்டதாகவே நினைத்தேன்.

அன்று ராத்திரி எல்லாரும் போன பிறகு, ஆயர் குடியிருக்கும் குருமனையின் திண்ணையில் என்னை உட்காரச் சொன்னார். ஐயாவின் மனைவி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நான் குடித்து முடிக்கிறவரை ஐயா ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"தம்பி, அந்தத் தாய்கிட்ட ஆண்டவரக் களவாணியாக்கிட்டு வந்திருக்கீரு. பறிக்கிறவரு ஏன் என் வீட்டுத் தோட்டத்துக்கு வந்தாருன்னு அவ கேட்டா என்ன பதில் சொல்லுவீரு?"

என்னிடம் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. "யோபுவோட சிநேகிதருங்க ஏழு நாள் தரையில கூடவே உக்காந்து வாயே திறக்கல. அந்த ஏழு நாளும்தான் அவங்க செஞ்ச நல்ல ஊழியம். அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போயி மன்னிப்புக் கேளும். வேற ஒண்ணும் பேசாதேயும்" என்றார்.

போனேன். அந்த அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "அவனுக்கு நீச்சல் தெரியும்னு நெனச்சிட்டேன் ஐயா" என்றார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தத் துக்க வீட்டிலும் பூவைப் பற்றி நான் பேசியதில்லை.

காணிக்கை எண்ணும்போது எப்போதும் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னதும் அவர்தான். கொரிந்து சபைக்காரர் கொடுத்த பணத்தைப் பவுலே தனியாகக் கொண்டுபோகவில்லையே என்பார். அந்தப் பழக்கம் பின்னால் ஒருமுறை என் ஊழியத்தையே காப்பாற்றியது.

போன கிறிஸ்துமஸுக்குப் போனபோது நன்றி சொல்ல வாயெடுத்தேன். "பிள்ளைங்க எப்படிப் படிக்காங்க?" என்று பேச்சை மாற்றிவிட்டார். சபையாரோ அவரை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்தலாம் என்கிறார்கள். அவர் வரமாட்டார். வந்தாலும் அது அவருக்குச் சந்தோஷமாக இருக்காது. உங்களை வளர்த்த மூத்தவர்களுக்கு நீங்கள் எப்படி நன்றி சொன்னீர்கள்?

---

பதில்: டோனாவூர்ப் பக்கத்து ஆள்

ஐயா, எங்கள் ஊர்க் கதையையே சொல்கிறேன். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1896-ல் நெல்லைச் சீமைக்கு வந்தபோது, தமிழ் படிக்க உதவி செய்து வழிநடத்தியவர் இங்கே முன்பே ஊழியம் செய்துவந்த மிஷனரி தாமஸ் வாக்கர் ஐயர். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அம்மையார் நடத்திய ஊழியத்தின் ஆரம்ப வருஷங்களில் அம்மையாருக்குப் பெரிய துணை அவர்தான். 1912-ல் மசூலிப்பட்டணத்துக்கு ஊழியமாகப் போன இடத்தில் இறந்துபோனார். அம்மையார் அவருடைய வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி, 1916-ல் அது வெளிவந்தது. அதைக் கேட்க வாக்கர் ஐயர் இல்லை.

உங்கள் ஐயா இருக்கிறார். இங்கே எங்களுக்கு எழுதியதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். முக்கியமாக அந்த முறத்தையும் அரிசியையும் விட்டுவிடாதீர்கள்.

---

பதில்: இளம் ஊழியர்

வாசித்தபோது மனது கனத்தது. எனக்கும் ஒரு மூத்தவர் இருந்தார். அவரும் உண்மையைத்தான் சொன்னார், ஆனால் கமிட்டிக் கூட்டத்தில் பதினைந்து பேர் நடுவில் வைத்துச் சொன்னார். அவர் காட்டிய தவறு தவறுதான். அதைத் திருத்திக்கொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆனது. அவமானம் ஆறவே அதில் பாதி போயிற்று. உங்கள் ஐயா எப்போதாவது சபைக்கு முன்னால் உங்களைக் கண்டித்தது உண்டா?

---

கிராமத்து ஆயர்

ஒருநாளும் இல்லை தம்பி. உங்கள் கேள்விக்குப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அடக்கத்தன்று நான் பேசி முடித்ததும், இறுதி ஜெபத்தை ஐயாவே எடுத்துக்கொண்டார். அந்த ஜெபத்தில், "ஆண்டவரே, லாசருவின் கல்லறையில் நீரும் அழுதீரே" என்று சொன்னது ஞாபகம் வருகிறது. என் பேச்சு செய்த காயத்துக்கு அங்கேயே மருந்து போட்டிருக்கிறார். எனக்கு அது இத்தனை வருஷம் உறைக்கவில்லை.

உங்களுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

---

பதில்: ஓய்வுபெற்ற டீச்சர்

என் கணவரும் ஆயராக இருந்தவர், இப்போது கர்த்தருக்குள் இளைப்பாறுகிறார். ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்கு வந்த சால்வைகளை மடித்து மடித்து பீரோவில் வைத்தவள் நான். அதனால் சொல்கிறேன்.

பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது என்ன கேட்டார்? துரோவாவில் வைத்துவிட்டு வந்த மேலங்கியையும், புஸ்தகங்களையும், தோற்சுருள்களையும் எடுத்துக்கொண்டு, மாரிகாலத்துக்கு முன்னே வா என்றார். குளிருக்குப் போர்வை, வாசிக்க எழுத்து, பக்கத்தில் பிள்ளை. வயதானவருடைய தேவை அந்த மூன்றும்தான் தம்பி.

ஐயாவுக்குக் கண் தெரியவில்லை என்கிறீர்கள். தினமும் வேதம் வாசித்துக் காட்ட ஆள் இருக்கிறதா? அவருடைய மகள் வேலைக்குப் போகிறவரா? முதலில் அதை விசாரியுங்கள்.

---

கிராமத்து ஆயர்

நேற்று போய்வந்தேன். எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சரம்மா கேட்டது சரி. மகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர். காலை எட்டுக்குப் போனால் சாயங்காலம்தான் வருகிறார். அதுவரை ஐயா தனியாகத்தான் இருக்கிறார். மே வரைக்கும் செவ்வாய்க்கிழமைதோறும் நான் போய் வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு வாசிக்க அதே தெருவில் ஒரு கல்லூரிப் பையன் சம்மதித்திருக்கிறான். எரேமியாவிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

நோட்டையும் கொண்டுபோயிருந்தேன். வாசிக்கும்போது குரல் இரண்டு இடத்தில் அடைத்தது. ஐயா கையை நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார், நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. முடித்ததும் நன்றி சொன்னேன். இந்தத் தடவை பேச்சை மாற்றவில்லை. "சரி தம்பி" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையனோட அம்மா இப்ப எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அந்த ஊர் இப்போது வேறு சேகரத்தில் இருக்கிறது. நான் கடைசியாகப் போய் எட்டு வருஷம் இருக்கும். அப்படியே சொன்னேன். அவர் முழங்காலிலிருந்து கையை எடுக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு அந்த ஊருக்குப் போகிறேன்.