மறு: டிஎஸ்எம், டிடிஎம் – தமிழில் எப்படிப் பிரிப்பது?

வணக்கம்.

கூரை, மரம் எல்லாம் சேர்ந்த உயரத் தரவு டிஎஸ்எம்; வெறும் தரையின் உயரத் தரவு டிடிஎம். இரண்டையும் ‘எண்ணிம உயர மாதிரி’ என்றே எழுதிவருகிறோம். கட்டட வேலைக்கு இது ஆபத்து. இலவசமாகக் கிடைக்கும், ஐரோப்பிய செயற்கைக்கோள் திட்டமான கோப்பர்நிக்கஸின் 30 மீட்டர் தரவு டிஎஸ்எம். கூரையும் மர உச்சியும் அதில் சேர்ந்தே வரும். அதைத் தரை என்று எண்ணி கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் நீரோட்டம் போட்டால், ராஜகாலுவே (பெங்களூரின் பெரிய மழைநீர்க் கால்வாய்) மேல் நிற்கும் பாலமும் அடுக்குமாடி வரிசையும் அணையாகிவிடும். பள்ளம் நிரப்பும் கருவியை ஓட்டினதும் அவற்றின் மேட்டுப்பக்கத்தில், நிஜத்தில் இல்லாத ஏரி ஒன்று முளைக்கும்.

டிஎஸ்எம் = மேற்பரப்பு மாதிரி, டிடிஎம் = தரைமட்ட மாதிரி. சரிவருமா?

– அல்சூர்

*

‘மேற்பரப்பு’ வெறும் நிலத்துக்கும் பொருந்துமே, ஐயா. ‘தரைமட்டம்’ என்றால் பெங்களூரில் புல்டோசர்தான் ஞாபகம் வரும். ‘மாதிரி’யை மண் பரிசோதிப்பவர் சாம்பிள் என்று எடுத்துக்கொள்வார்.

என் பங்குக்கு: முகட்டு உயரப்பரப்பு, வெறுந்தரை உயரப்பரப்பு. கூரைக்கும் முகடு உண்டு, மரத்துக்கும் சொல்லலாம்.

– ஜெயநகர்

*

முகடு, வெறுந்தரை இரண்டுக்கும் என் ஓட்டு. ஆனால் ஃபேப்டெம் போன்றவற்றை வெறுந்தரை என்று மட்டும் எழுதாதீர்கள். கோப்பர்நிக்கஸ் தரவிலிருந்து கட்டடத்தையும் காட்டையும் இயந்திரக் கற்றலால் கழித்தது அது. யாரும் தரையை அளக்கவில்லை. ‘மதிப்பிட்ட வெறுந்தரை’ என்றால் நேர்மை. அதன் உரிமமும் வணிக வேலைக்கு இலவசமில்லை, கட்டணம் வாங்கும் வரைவாளர்கள் கவனிக்கவும்.

சரிவு கணக்கிடும் முன் கோப்பை இபிஎஸ்ஜி 32643க்கு (பெங்களூருக்குப் பொருந்தும், மீட்டரில் அளக்கும் ஆயத்தொலை முறை) மாற்றுங்கள். கிடைமட்டம் பாகையிலும் உயரம் மீட்டரிலும் இருந்தால் எல்லா இடமும் செங்குத்துப் பாறையாக வரும். விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவில் உயரம் முழு மீட்டராக மட்டுமே பதிவாகியிருப்பதால், அரை மீட்டர் சம உயரக் கோடு வரைந்தால் படிக்கட்டுதான் தெரியும்.

இன்னொன்று: 30 மீட்டர் கட்டம் ஒன்று 900 சதுர மீட்டர். நம் 30க்கு 40 அடி சைட் எட்டு அதற்குள் அடங்கிவிடும். எட்டு வீட்டுக்கும் ஒரே உயரம்! லேஅவுட்டின் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று பார்க்கலாம். ஆனால் பிளிந்த் (வீட்டின் அடித்தள மேடை) உயரத்துக்கு ஆட்டோ லெவல் என்ற மட்டக்கருவியும் ஸ்டாஃப் என்ற அளவுகோலும் எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

– ஒயிட்ஃபீல்டு