ரோத்கோ படத்துக்கு முன்னால் எதற்கு அழ வேண்டும்?

செந்தூல்வாசி:
நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் பேசினார், அமெரிக்க ஓவியர் மார்க் ரோத்கோ படத்துக்கு முன்னால் நின்று ஆட்கள் அழுகிறார்களாம். மேலே ஒரு சிவப்புக் கட்டம், கீழே ஒரு கறுப்புக் கட்டம். என் வீட்டுக்குச் சாயம் அடித்தவர் இதைவிட நேராக அடிப்பார்.

தூரிகைக்காரன்:
தம்பி, கைபேசியில் பார்த்துவிட்டுப் பேசாதீர்கள். 18 அங்குலம் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்றார் அவர். ஆளைவிடப் பெரிய படம், அவ்வளவு பக்கத்தில் ஓரமே தெரியாது, வண்ணத்துக்குள் நிற்போம். முப்பது வருஷமாகப் பெயர்ப்பலகை எழுதுகிறேன், எனக்குத் தெரியாதா?

செந்தூல்வாசி:
18 அங்குலம் என்றால் ஒன்றரை அடி. எந்தக் காட்சிக்கூடத்தில் விடுவார்கள்? நீங்கள் நின்றீர்களா அண்ணா?

தூரிகைக்காரன்:
மகளைப் பார்க்க லண்டன் போனபோது டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பார்த்தேன். மங்கலான வெளிச்சம். முதலில் எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தக் கருஞ்சிவப்புக்கு அடியிலிருந்து இன்னொரு சிவப்பு மெல்ல மேலே வந்தது. சாயத்தை நீர்க்கக் கரைத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசியிருக்கிறார், ஓரமெல்லாம் வேட்டியில் தேநீர் ஊறிய மாதிரி. அப்பா இறந்த அன்று சாயங்காலம் எங்கள் தோட்டத்து வீட்டுக்குள் இருந்த வெளிச்சம் அது. அழுதேன், சொல்வதற்கு வெட்கமில்லை.

பினாங்குக்காரி:
அண்ணன் அழுததை நம்புகிறேன். ஆனால் ரோத்கோவை அரூப ஓவியர், அதாவது உருவம் இல்லாமல் வரைகிறவர் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்களே, அவரே அதை மறுத்தார். துயரம், பரவசம், அழிவு, இவைதான் என் விஷயம் என்றார்.

செந்தூல்வாசி:
அதெல்லாம் சரி. உட்கார்ந்திருந்தேன் என்கிறார். உட்காரும் பலகையை ஒன்றரை அடியிலா போட்டிருந்தார்கள்?

தூரிகைக்காரன்:
அந்த மனுஷன் வாழ்க்கையைப் பாருங்கள். 1903-இல் இன்றைய லாட்வியாவில் பிறந்து, பத்து வயதில் அமெரிக்கா போய், போன சில மாதத்தில் அப்பாவைப் பறிகொடுத்தவர். 1958-இல் நியூயார்க்கில் பணக்காரர்கள் சாப்பிடும் உணவகத்துக்குப் படம் வரைய ஒப்புக்கொண்டார். பிறகு அங்கே போய்ச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இவர்கள் என் படத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று முன்பணத்தையே திருப்பிக் கொடுத்தார். அதில் ஒன்பது படம்தான் லண்டனுக்கு வந்தது, 1970 பிப்ரவரி 25, அவர் தற்கொலை செய்துகொண்ட அதே நாள். கட்டம் வரைகிறவன் இதையெல்லாம் செய்வானா?

செந்தூல்வாசி:
கதை நன்றாக இருக்கிறது. 18 அங்குலம்?

பினாங்குக்காரி:
பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் படம் நல்ல படம் ஆகிவிடுமா அண்ணா? அது வேறு, இது வேறு.

தூரிகைக்காரன்:
நீயுமா தங்கச்சி?

செந்தூல்வாசி:
அண்ணனுக்குக் கோபம் என் மேல். போன தீபாவளிக் கோலப் போட்டியில் நான் நடுவர், அவர் கோலத்துக்கு மூன்றாம் பரிசு.

தூரிகைக்காரன்:
ஆமாம், கோபம்தான்! கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்து மார்க் போட்டீர்கள். அந்த மயில் கழுத்தில் நான்கு பச்சை வைத்திருந்தேன், விடிய விடிய அரிசியைக் கலந்து கலந்து. உங்கள் கண்ணுக்கு ஒரு பச்சைதான் தெரிந்தது. அந்தக் கண்ணோடுதான் ரோத்கோவையும் பார்க்கிறீர்கள்.

செந்தூல்வாசி:
மயிலின் கால் கோணல். அது இருக்கட்டும், ஒன்றரை அடியில் நின்றீர்களா, இல்லையா?

தூரிகைக்காரன்:
கோலத்தின் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இன்று ராத்திரி போடுகிறேன். பச்சையை எண்ணுங்கள்.