டென்னிஸ் பந்தில் அடித்துப் பழகியவன் லெதர் பந்துக்கு வந்தால் டெக்னிக்கை மாற்றணுமா?

திருப்பூர்_ஓப்பனர்

வணக்கம்ங்க. வயசு 31, பனியன் கம்பெனியில வேலை. பல வருசமா ஊர் டென்னிஸ் பால் டோர்னமெண்டுகள்ல ஓப்பனிங் இறங்குறவன். இந்த சீசன் மாவட்ட லீக்ல கீழ் டிவிஷன் டீம் ஒண்ணுல சேர்ந்திருக்கேன். லெதர் பந்து, மேட்டிங் பிட்ச் (கயித்துப் பாய் விரிச்சு ஆடுறது).

லெக் சைடுக்கு ஒதுங்கி இடம் பண்ணி மிட்விக்கெட்டுக்கு மேல தூக்குறதுலதான் எனக்கு ரன்னே வரும். இங்க அது நடக்கல. ரெண்டே விதமாத்தான் அவுட் ஆகுறேன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போற பந்தை டிரைவ் பண்ணப் போய் எட்ஜ், ஸ்லிப்ல கேட்ச். இல்லைன்னா உள்ளே வர்ற பந்து பேட்டுக்கும் காலுக்கும் நடுவுல புகுந்து போல்டு. நெட்ஸ்ல ஒரு கோச் பார்த்துட்டு கிரிப், ஸ்டான்ஸ், பேக்லிஃப்ட் (பேட்டைப் பின்னால தூக்குற விதம்), முழங்கை எல்லாத்தையும் புதுசா ஆரம்பிக்கணும்ங்கிறார். டீம் சீனியருங்க "எதையும் மாத்தாதே, கண்ணு பழகினா சரியாயிடும்"ங்கிறாங்க. யார் பேச்சைக் கேக்குறது?

மேட்டிங்_மாமா

கோச் சொல்றதுதான் சரி தம்பி. சென்னை லீக்ல கீழ் டிவிஷன்கள்லயே ஆடி ஓய்ஞ்சவன் நான். டென்னிஸ் பந்து 60 கிராம்கூட இல்ல. லெதர் பந்து 156லிருந்து 163 கிராம். டென்னிஸ் பந்து தரையில பட்டு நின்னு எழும்பி வரும். அதுக்குள்ள ஒதுங்கி, குறுக்கால வீசி, மேல்விளிம்புல பட்டாலும் பவுண்டரி. லெதர் பந்துக்குத் தையல் இருக்கு. புதுசா இருக்கும்போது காத்துல வளையும், பிட்ச்ல பட்டும் நகரும். டென்னிஸ் பால் மேட்ச்ல எவனாவது மூணு ஸ்லிப் வைப்பானா? அங்க எட்ஜ் பட்டா நாலு ரன், இங்க பெவிலியன்.

நீ சொன்ன ரெண்டு அவுட்டும் ஒரே கோளாறு. முன்னங்கால் லெக் சைடுக்குப் போயிடுது, பந்து இருக்கிற பக்கம் போகவே இல்ல. கை மட்டும் எட்டிப் போகுது. பந்து வெளியே நகர்ந்தா எட்ஜ், உள்ளே வந்தா பேட்டுக்கும் காலுக்கும் நடுவுல கேட் திறந்து போல்டு. கிரிப்பையும் பாரு, கீழ்க்கையை இறுக்கிப் பிடிச்சிருப்ப. தடுத்தாடும்போது பேட்டோட முகம் மிட்ஆன் பக்கம் மூடிக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வர்ற 'வி' ரெண்டு கையிலயும் ஒரே கோட்டுல வரணும். இதெல்லாம் இல்லாம கண்ணு பழகி என்ன பண்றது?

கேப்ல_அடி

மாமா, கோளாறு நீங்க சொன்னதுதான். அதுக்காக ஆளையே பிரிச்சு மேயணுமா? வாரத்துல ஒரு நாள் நெட்ஸ், அதுல ஆளுக்குப் பத்து நிமிசம். கிரிப், ஸ்டான்ஸ், பேக்லிஃப்ட், முழங்கைன்னு நாலையும் ஒரே சீசன்ல மாத்தச் சொன்னா, பவுலர் ஓடி வர்றப்ப அவர் முழங்கையைத்தான் நினைச்சுட்டு நிப்பார்.

அப்புறம் புத்தக டெக்னிக் யாருக்கு இருந்தது? பிராட்மேன் பேட்டை ஸ்லிப் பக்கமா தூக்குவார், சராசரி 99.94. வெஸ்ட் இண்டீஸ் சந்தர்பால் பவுலருக்கு நெஞ்சைக் காட்டிட்டு நிப்பார். ஸ்டீவ் ஸ்மித் ஆஃப் ஸ்டம்பைத் தாண்டி நகர்ந்துட்டே இருப்பார். சச்சின் கைப்பிடியோட அடியிலதான் பிடிப்பார்.

மேட்டிங்_மாமா

வந்துட்டியா பிராட்மேனைத் தூக்கிட்டு! எல்லா விவாதத்துலயும் இந்த நாலு பேர் வந்துடுவாங்க. அவங்க எங்க ஆரம்பிக்கிறாங்கன்னு மட்டும் பார்க்கிற. பந்து வந்து சேர்ற நொடியில தலை எங்க, பேட் எங்கன்னு பாரு. தலை ஆடாது, பந்து இருக்கிற பக்கம் சாய்ஞ்சிருக்கும், பேட் உடம்புக்குப் பக்கத்துல இறங்கும். ஸ்மித் எவ்வளவு டான்ஸ் ஆடினாலும் பந்து கையை விட்டு வந்தப்புறம் அவர் தலையைப் பாரு. நம்ம திருப்பூர் தம்பிக்கு ஆரம்பமும் கோணல், முடிவும் கோணல்.

கோலியே மாத்திக்கிட்டார். 2014 இங்கிலாந்து டூர்ல பத்து இன்னிங்ஸ்ல 134 ரன், அவங்க பவுலர் ஆண்டர்சன் கிட்ட மட்டும் நாலு தடவை அவுட். வெளியே போற பந்துதான், இந்தத் தம்பி கதையேதான். நிக்கிற விதத்தை மாத்தி, கிரீஸுக்கு வெளியே வந்து நின்னு, 2018ல அதே இங்கிலாந்துல 593 ரன். ஆண்டர்சனுக்கு ஒரு தடவைகூட விக்கெட் கொடுக்கல.

கேப்ல_அடி

கோலிக்கு அதுதான் முழுநேர வேலை. நாள் முழுக்கப் பக்கத்துல நின்னு பந்தை எறிஞ்சு த்ரோடவுன் போட ஆள் இருக்கு. இவருக்கு ஷிப்மெண்ட் டென்ஷன்தான் இருக்கு.

பிராட்மேன் பத்தி நான் சொல்ல வந்தது வேற. ஆஸ்திரேலியாவுல பௌரல்ங்கிற ஊர்ல வீட்டுத் தண்ணித் தொட்டியோட செங்கல் அடித்தளத்துல கோல்ஃப் பந்தை எறிஞ்சு, திரும்பி வர்றதை ஒரு ஸ்டம்பால அடிச்சுப் பழகினார். எந்தக் கோணத்துல வரும்னு தெரியாது. அதுல முழங்கையா பழகுச்சு? கண்ணும் காலும் பழகுச்சு.

சச்சின் 2004 சிட்னி டெஸ்ட்டையும் எடுத்துக்கங்க. அந்த டூர்ல வெளியே போற பந்தை டிரைவ் பண்ணப் போய் அவுட் ஆயிட்டு இருந்தார். டெக்னிக்கைப் பிரிச்சா போட்டார்? கவர் டிரைவையே பூட்டி வெச்சுட்டார். 436 பந்து, 241 நாட் அவுட், பெரும்பாலும் லெக் சைடு ரன். இவருக்கும் அதுதான் வழி. முதல் அஞ்சு ஓவர் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டிரைவே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டா ஸ்லிப் சும்மா நிக்க வேண்டியதுதான்.

ஆஃப்ஸ்டம்ப்_எங்கே

ரெண்டு பேரும் அவர் ஆடுறதைப் பார்க்காமலே மருந்து எழுதிட்டு இருக்கீங்க.

நம்ம லெவல்ல வேகப்பந்துன்னா மணிக்கு 110 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். பவுலர் கையை விட்டு பேட் வரைக்கும் 17, 18 மீட்டர். பிட்ச்ல பட்டு வேகம் குறையுறதையும் சேர்த்தா 0.6 நொடிக்குக் கொஞ்சம் மேல. இந்த நேரத்துக்குள்ள லென்த்தை, அதாவது பந்து எங்க குத்தப் போகுதுங்கிறதைப் பார்த்து, முன்னாலயா பின்னாலயான்னு முடிவு பண்ணி, காலை வெக்கணும். டென்னிஸ் பால் ஆளுங்க பந்து வர்றதுக்கு முன்னாடியே லெக் சைடுக்கு நகர்ந்துடுறாங்க, லென்த் பார்க்கிறதே இல்ல. சீனியருங்க சொல்ற "கண்ணு பழகும்" பொய்யில்ல. முன்கூட்டியே நகர்ற ஆளுக்கு மட்டும் அது பழகாது.

முதல்ல பேட்டைத் திருப்பிப் பாருங்க. நெட்ஸ் முடிஞ்சதும் சிவப்புக் கறை எங்கெங்க இருக்கு? நடுவுல, ஸ்டிக்கருக்குக் கீழ கூட்டமா இருந்தா பிரச்சினை ஷாட் தேர்வுதான், கேப்ல_அடி சொல்றது சரி. வெளிவிளிம்புலயும் அடிநுனியிலயும் சிதறி இருந்தா மாமா சொல்ற மாதிரி கால் போகல. அப்படியே யாரையாவது ஸ்கொயர் லெக்ல ஒரு தடவை, பவுலருக்குப் பின்னால ஒரு தடவை நிக்க வெச்சு போன்ல ஸ்லோமோஷன் எடுங்க. பவுலர் கை மேல வர்ற ஃபிரேம்ல நிறுத்துங்க. அதுலயே கால் நகர்ந்திருந்தா அதை மட்டும் சரி பண்ணுங்க.

நம்ம நெட்ஸே ஒரு ஏமாத்து வேலை. பத்து நிமிசமும் அடி. எட்ஜ் பட்டா யாரும் அவுட்னு சொல்றதில்ல, பந்தை விட்டா "ஏன் விடுற, ஆடு"ன்னு கத்துறாங்க. விடப் பழகாத ஆளைப் போய் மேட்ச்ல விடச் சொன்னா எப்படி விடுவார்? பாதி நேரம் ஆஃப் ஸ்டம்ப் லைன்ல, இன்னும் கொஞ்சம் வெளியேன்னு மாத்தி மாத்திப் போடச் சொல்லி, எதை விடலாம் எதை ஆடணும்னு மட்டும் பாருங்க. பார்க்க போரிங்கா இருக்கும், பவுலருங்க மட்டும் சந்தோசப்படுவாங்க.

யாழ்_துடுப்பு

நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கத்தில பள்ளிக்கூடத்திலேயே கடினப்பந்து தொடங்கிடும். மத்திய கல்லூரிக்கும் சென்ற் ஜோன்ஸுக்கும் நடக்கிற 'வடக்கின் பெரும் போர்' கிரிக்கெட் மட்சைப் பாத்து வளந்த ஆக்கள் நாங்கள். இங்க பிரச்சினை தலைகீழ். கடினப்பந்தில நல்லா ஆடுற பெடியன் மென்பந்துப் போட்டிக்கு வந்தா, பந்து வந்து சேர முதலே துடுப்பை வீசிப்போட்டு பிடி கொடுத்திட்டுப் போவான். ரெண்டுக்கும் நேரம் வேற.

அண்ணை சனிக்கிழமை லெதர், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் எண்டு ரெண்டையும் ஆடுறாரோ? அப்பிடியெண்டா எந்தக் கோச் வந்தும் சரிவராது. ஒரு சீசனுக்கு டென்னிஸை விடச் சொல்லுங்கோ.

கேப்ல_அடி

டென்னிஸை விடச் சொல்றது அநியாயம், எங்க ஊர்ல ரெண்டாயிரம் மூவாயிரம் பரிசு அதுலதான் வருது 😀

மேட்டிங்_மாமா

யாழ் தம்பி சரியாப் பிடிச்சார். இன்னொண்ணு, இந்த சாக்ஸ்ல பந்தைப் போட்டு மரத்துல தொங்கவிட்டு அடிக்கிற பழக்கம் இருந்தா இப்போதைக்கு நிறுத்து. பேட் நேரா வருதான்னு பார்க்க அது நல்லது. ஆனா பந்து எங்க இருக்குன்னு உனக்கு முன்னாடியே தெரியும், லென்த் பார்க்கவே வேண்டியதில்ல. உனக்கு வேண்டியதே லென்த் பார்க்கப் பழகுறதுதான்.

ஸ்பின்னுக்கு ஒண்ணு சொல்றேன். இங்கிலாந்து பேட்ஸ்மேன் பீட்டர்சன் ஸ்பின்ல தடுமாறினப்ப டிராவிட் ஈமெயில் எழுதினார், நெட்ஸ்ல ஸ்பின்னருங்களைப் பேடு கட்டாம ஆடிப் பாருன்னு. கால்ல அடிபடும்ங்கிற பயத்துலயே பேட் காலுக்கு முன்னால வந்துடும். வேகப்பந்துக்கு இதைப் பண்ணித் தொலைக்காதே.

திருப்பூர்_ஓப்பனர்

எல்லாருக்கும் நன்றிங்க. பேட்டைப் பார்த்தேன். நடுவுல நாலஞ்சு கறைதான். வெளிவிளிம்பு ஓரமா வரிசையா இருக்கு, அடிநுனியிலயும் இருக்கு. வீடியோவுல பவுலர் கை மேல வர்றப்பவே என் முன்னங்கால் லெக் ஸ்டம்புக்கு வெளியே கிடக்குது. யாழ் தம்பி கேட்டதும் சரிதான், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் ஆடிட்டுதான் இருக்கேன்.

அப்ப பிரன்ட் ஃபுட்ல நல்லா நீட்டி வந்து ஆடணுமா மாமா? ஷார்ட் பால் என்ன பண்றது?

கேப்ல_அடி

அங்கதான் மாட்டுவீங்க. நீட்டி வந்து ஆடுறதெல்லாம் டர்ஃபுக்கு, பாய் விரிக்காத பிட்சுக்கு எழுதின பாடம். மேட்டிங்ல குட் லென்த் பந்தே இடுப்புக்கு வரும், நேரா கிளவுஸ்ல. உங்க புல் ஷாட்டை மட்டும் யாரு சொன்னாலும் தொடாதீங்க.

மேட்டிங்_மாமா

புல் ஷாட்டைத் தொடச் சொன்னது யாருப்பா? மேட்டிங்ல அதுவும் கட் ஷாட்டும்தான் சோறு போடும். தம்பி, உங்க மேட் சிமெண்ட் தரை மேல விரிச்சதா, மண் மேல விரிச்சதா? சிமெண்ட்னா எழும்பும், ஆனா ஒரே மாதிரி எழும்பும். பின்னங்காலுக்குப் போய் தைரியமா ஆடு. மண்ணுன்னா மேட்ச் அன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் போய் ஆணி சரியா அடிச்சு இழுத்திருக்காங்களான்னு பாரு. மேட் தொளதொளன்னு இருந்தா பந்து நின்னு வரும், புல் பண்ணப் போனா மிட்ஆன்ல சுலபமான கேட்ச்.

காலை மட்டும் பந்து கையை விட்டு வர்ற வரைக்கும் அசைக்காதே. கிரிப்பை அடுத்த சீசன்ல பார்த்துக்கலாம்.

கேப்ல_அடி

"எல்லாத்தையும் புதுசா ஆரம்பி"ன்னு சொன்ன கோச்சை நீங்கதானே மாமா சரின்னீங்க?

மேட்டிங்_மாமா

கிரிப் வேண்டாம்னு சொல்லல. அடுத்த சீசன்னு சொன்னேன்.

திருப்பூர்_ஓப்பனர்

மண் தரைதாங்க. ஆணி நாங்களேதான் அடிக்கிறோம், பாதி நாள் சுத்தியல் கிடைக்காது, கல்லால தட்டுவோம்.